புது க்ளோ எஞ்சினை ரன்னிங்-இன் பண்றது, ஜோபர்க்லயும் டர்பன்லயும்

46 சைஸ் (0.46 கன அங்குலம்) க்ளோ எஞ்சின், அதாவது மெத்தனால்ல ஓடுற மாடல் ப்ளேன் எஞ்சின், வாங்கினதும் நேரா ப்ளேன்ல மாட்டிடாதீங்க, முதல்ல தரையில ஓட்டிப் பழக்கணும், அதுதான் ரன்னிங்-இன். கனமான மரப்பலகையில நாலு போல்ட் போட்டு இறுக்கி, பலகையை ஆடாத மேஜையோட க்ளாம்ப் பண்ணுங்க. பக்கி (பிக்-அப் வண்டி) பின்கதவு மேல கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்றவங்களைப் பாத்திருக்கேன், விரல் மேல ஆசை இல்ல போல.

அடுத்து, உங்களது பிஸ்டன்ல ரிங் வச்ச எஞ்சினா, ஏபிசியான்னு (அலுமினியம் பிஸ்டன், க்ரோம் பூசின பித்தளை ஸ்லீவ்) மேனுவல்ல பாருங்க. "நல்லா ரிச்சா வச்சு நேரம் போறது தெரியாம ஓட்டு"ன்னு பழைய ஆளுங்க சொல்றது ரிங் எஞ்சினுக்குத்தான் சரி (ரிச்னா காத்தைவிட ஃப்யூயல் கூட). ஏபிசில ரிங்கே கிடையாது, பிஸ்டன் ஓடுற ஸ்லீவ் மேல போகப்போக குறுகும், ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்தா இறுகிப் பிடிக்கும், ஃபால்ட்டுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. சூடு ஏறினா ஸ்லீவ் விரிஞ்சு சரியாயிடும், அதனாலதான் ஏபிசியை ரொம்ப ரிச்சா, சூடே ஏறாம ஓட்டினா வீணா தேயும். ஜூலை மாச ஜோபர்க் (தென்னாப்பிரிக்காவோட ஜோஹன்னஸ்பர்க்) குளிர்ல ஹேர் ட்ரையரால ஹெட்டை கொஞ்சம் சூடு பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

ஃப்யூயல்ல 5லருந்து 10 சதவீதம் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) போதும், ஆயில் 18, 20 சதவீதம் இருக்கணும், அதுல கொஞ்சமாவது விளக்கெண்ணெய் இருந்தா நல்லது. பறக்கிறப்ப 11க்கு 6 ப்ரொப்புன்னா (ப்ரொப்பெல்லரோட விட்டமும் பிட்ச்சும், அங்குலத்துல) இப்ப 10க்கு 6 போடுங்க, லோடு குறையும். பக்கத்துலயே ஒரு பக்கெட் தண்ணி வைங்க, மெத்தனால் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாது, ஹைவெல்ட்ல (ஜோபர்க் இருக்கிற மேட்டு நிலம்) குளிர்காலத்துப் புல்லு வேற காஞ்சு கிடக்கும்.

நீடிலை (ஃப்யூயல் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) மேனுவல் சொல்ற அளவுக்குத் திறந்து ஸ்டார்ட் பண்ணி, ப்ரொப்புக்குப் பின்னாடி போய் நில்லுங்க, பக்கவாட்டுல நிக்கவே வேணாம். ஏபிசின்னா த்ராட்டிலை முழுசா திறந்து, கரகரன்னு வர்ற சத்தம் கூர்மையா மாறப்போற இடத்துல நீடிலை நிறுத்துங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஓடட்டும், ஆஃப் பண்ணிட்டு கை வச்சா சுடாத அளவுக்கு ஆற விடுங்க, மறுபடி ஓட்டுங்க. இந்த சூடாகி ஆறுறதுதான் மெயின் வேலையே, அவசரப்பட்டு தொடர்ந்து ஓட்டினா பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு தடவையும் நீடிலை கொஞ்சம் மூடி சில செகண்ட் மட்டும் ஃபுல் ஸ்பீட் குடுத்துப் பாருங்க. ஓடும்போது ஃப்யூயல் ட்யூபை லேசா கிள்ளுங்க, ஸ்பீட் ஒரு நொடி ஏறினா இன்னும் ரிச்சா இருக்கு, உடனே இறங்கினா லீன் (ஃப்யூயல் பத்தல), நீடிலைத் திறங்க. ஃபுல் த்ராட்டில்ல சத்தம் இறங்காம நின்னா பறக்க விடலாம், முதல் சில ஃப்ளைட் கொஞ்சம் ரிச்சாவே போகட்டும்.

இங்க நிறைய பேர் மாட்டிக்கிறது வேற இடத்துல. ஜோபர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரம், காத்து மெலிசு, அதனால நீடிலை கூடுதலா மூடித்தான் செட் பண்ணுவீங்க. லீவுக்கு அதே எஞ்சினை என்3 நெடுஞ்சாலை வழியா டர்பனுக்கு இறக்கிட்டுப் போய் அதே செட்டிங்ல ஓட்டினா, கடலோரத்து அடர்த்தியான காத்துக்கு அது லீன், சூடு ஏறி புது பிஸ்டன் போயிடும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே அரை சுத்து திறந்துட்டு முதல்லருந்து ட்யூன் பண்ணுங்க.

டர்பன் ஈரத்துல இன்னொண்ணு, மெத்தனால் தண்ணிய இழுக்கும், பேரிங் துரு பிடிக்கும். நாள் முடிவுல ட்யூபைக் கழட்டி, உள்ள இருக்கிறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு, கார்புரேட்டர்ல ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு, பிளக்குல கனெக்‌ஷன் இல்லாம ப்ரொப்பைக் கையால நாலு சுத்து சுத்தி வைங்க.