பானெட் ஸ்கூப்: காற்று உள்ளே போகிறதா, மோதிவிட்டுப் போகிறதா?

பந்தயக் காரின் பானெட்டில், அதாவது எஞ்சின் மூடியில், காற்றை உள்ளே எடுக்கும் வாயான ஸ்கூப்பை வைத்தவுடன் எதிர்க்காற்று முண்டியடித்து உள்ளே புகுந்துவிடும், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைப் பொருத்தியதுபோல எஞ்சின் சீறும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றைத் துளியும் வீணாக்காமல் பிடித்தாலும், கூடுதலாகக் கிடைப்பது வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200-ல் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 300-ல் சுமார் 4. குதிரைத்திறனும் ஏறக்குறைய அதே அளவில்தான் கூடும்.

பிறகு ஸ்கூப் எதற்கு? குளிர்ந்த காற்றுக்காக. பானெட்டுக்கு அடியில் ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருக்கின்றன. எஞ்சினுக்குப் போகும் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 200 கி.மீ. வேகம் தரும் அழுத்தத்தைவிட இது பெரிய லாபம். அதனால்தான் ஸ்கூப்புக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவே இடைவெளி விடுவதை மன்னிக்கவே முடியாத தவறு என்பேன். பானெட்டில் ஓட்டை போட்டு, அதற்குக் கீழே ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால் எஞ்சின் சூடான காற்றையும் சேர்த்தே இழுக்கும். சுற்றிலும் ஃபோம் அல்லது ரப்பர் சீல் போட்டு அடைத்தால்தான் செலவுக்குப் பலன்.

அடுத்தது இடம். பானெட்டை ஒட்டி ஓடும் காற்று உராய்வால் வேகம் இழந்திருக்கும். தாழ்வான ஸ்கூப்புக்கு அந்தச் சோம்பல் காற்றுதான் கிடைக்கும். வாயை மேலே தூக்கினால்தான் வேகமான காற்று சிக்கும். போதாததற்கு, பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டி வளையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்துவிடும். முன்கண்ணாடியின் அடிவாரத்தில் நேர்மாறாக அழுத்தம் அதிகம். 1970 செவ்ரோலே ஷெவல் எஸ்.எஸ். காரின் பானெட் வாய் பின்பக்கம் பார்த்துத் திறந்தது இந்தக் கணக்கில்தான். 1964 ஃபோர்ட் தண்டர்போல்ட் பானெட்டை நம்பவே இல்லை: உள்பக்க ஹெட்லைட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகள் வழியே காற்றை எடுத்தது.

வேறு காரைப் பார்த்து அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் ஸ்கூப் எஞ்சினுக்குக் காற்று ஊட்டவில்லை, டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைத் தணிக்கும் இன்டர்கூலரைக் குளிரவைக்கிறது.

வாய் பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தப்புக் கணக்கு. 5 லிட்டர் எஞ்சின் 7000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 17,500 லிட்டர் காற்றை இழுக்கும். கார் 216 கி.மீ. வேகத்தில் போகும்போது அதற்கு 50 சதுர செ.மீ. வாய் போதும். குறைந்த வேகத்துக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூட்டினால் மிச்சக் காற்று வெளியே வழிந்து இழுவையைத்தான் ஏற்றும். வாய்க்குப் பின்னால் குழாய் படிப்படியாக விரிய வேண்டும். சட்டென்று விரிந்தால் காற்று சுழன்று, பிடித்த அழுத்தமும் போய்விடும்.

காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள், அதில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் வென்ட்டை (காற்றுத் துளையை) மறக்கக் கூடாது. ஸ்கூப்பின் அழுத்தம் கார்புரேட்டர் வாயில் மட்டும் ஏறி வென்ட்டில் ஏறாவிட்டால், உயர் வேகத்தில் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டனுக்கே கேடு வரலாம்.

கடைசியாக, காரை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் நிறுத்தி ஓட்டி ஸ்கூப்புக்கு மார்க் போடாதீர்கள். அங்கே எதிர்க்காற்றே கிடையாது. மின்விசிறி பந்தயப் பாதைக்கு ஈடாகாது. தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் குழாயின் ஒரு முனையை ஃபில்டருக்கு முன்னாலும், மறுமுனையைக் காற்றோட்டம் படாத இடத்திலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். 200 கி.மீ. வேகத்தில் முழுப் பலன் என்றால் இரு பக்க நீர்மட்டத்துக்கும் சுமார் 190 மி.மீ. வித்தியாசம் தெரியும். அதில் பாதி வந்தாலே பரவாயில்லை. நீர் ஃபில்டர் பக்கமாக ஏறினால், ஒன்று வாய் போதவில்லை, இல்லையேல் அழுத்தம் குறைந்த இடத்தில் வாய் திறந்திருக்கிறது. இரண்டாவது காரணம் என்றால் ஸ்கூப்பைக் கண்ணாடிப் பக்கம் நகர்த்தித் திருப்பிவைத்து மறுபடி அளந்து பாருங்கள்.