ஊருக்குப் போய் வந்தபின் நாடாப்புழுப் பரிசோதனை: அவசரப்பட்டால் பயனில்லை

தாயகம் போய்த் திரும்பிய மறுவாரமே பிள்ளையை லேபுக்குக் கூட்டிப்போய், "ஒன்றும் இல்லையாம்" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. நாடாப்புழு விஷயத்தில் அந்த நிம்மதியை நம்பாதீர்கள். உள்ளே போன புழு வளர்ந்து, முட்டையையோ உடல் துண்டையோ வெளியே தள்ள இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மலத்தில் எதுவும் தெரியாது. அதனால் திரும்பி வந்து மூன்று மாதம் கழித்துப் போங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். மாதக்கணக்கில் தங்கியவர், சரியாக வேகாத பன்றி அல்லது மாட்டிறைச்சி சாப்பிட்டவர், வீட்டில் ஒருவருக்குப் புழு இருப்பது தெரிந்தவர், இவர்கள் செய்துகொண்டால் போதும்.

முட்டை தினமும் வருவதில்லை. அதனால் மூன்று வெவ்வேறு நாட்களில் மாதிரி கொடுக்க வேண்டும். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. சில நேரம் பரிசோதனைக்கு முன்பே புழு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையாக, தட்டையாக, பூசணி விதை போன்ற துண்டு ஒன்று மலத்தில் கிடக்கும். மாட்டிறைச்சி வழியாக வரும் வகையின் துண்டு தானாகவே ஊர்ந்து வெளியே வந்து உள்ளாடையில் நெளிவதும் உண்டு. இருபது வயதுப் பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்லுமா? கூச்சப்பட்டுக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஆகவே புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்: கண்டால் கையுறை போட்டு எடுத்து டப்பாவில் வை. முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்த வகைப் புழு என்று பிரிக்க முடியாது. துண்டைப் பார்த்துப் பிரிக்கலாம்.

வகை தெரிவது ஏன் முக்கியம்? மாட்டு வகை குடலோடு நின்றுவிடும். பன்றி வகையின் முட்டை வாய்க்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பைக் கொண்டுவரும். இங்கேதான் "நாங்கள் சைவம், எங்களுக்கு எதற்கு?" என்ற பேச்சு எடுபடாது. இறைச்சியில் இருப்பது முட்டை அல்ல. முட்டை வருவது புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாக. நியூயார்க்கில் பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த மூளைக் கட்டி நோய் வந்ததை 1992இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாகத்தான் தொற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆக, ஒருவருக்குப் புழு உறுதியானால் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மலத்தில் ஒன்றும் இல்லை என்பதால் மூளையிலும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு நாடு திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தே வலிப்பு தொடங்கியது. அதற்காக அறிகுறியே இல்லாதவருக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். முதல் முறையாக வலிப்பு வந்தாலோ, விடாத தலைவலி இருந்தாலோ, "ஐந்து வருடம் முன்பு ஊருக்குப் போனேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காமல் போகலாம்.

அப்புறம், பூச்சி மாத்திரை. வழக்கமான ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப் புழுக்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. அதற்குரிய பிராசிகுவாண்டல் ஒரே வேளை மருந்துதான். ஆனால் மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் விழுங்கினால் வலிப்பையே கிளப்பிவிடக்கூடும். ஊரில் கடையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.