மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு இடையே எந்த சீரியல் பஸ்?

மைக்ரோகண்ட்ரோலர்களை (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிகளை) ஒன்றோடொன்று பேச வைக்க சீரியல் பஸ்ஸை, அதாவது டேட்டாவை ஒவ்வொரு பிட்டாகக் கொண்டுசெல்லும் கம்பி இணைப்பைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையே முதலில் பார்க்கிறார்கள். கம்பி எவ்வளவு நீளம், பேச்சைத் தொடங்கும் உரிமை யாருக்கு வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே வேகத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே போர்டில் இரண்டு சிப்கள் மட்டுமே இருந்து, இரண்டில் எதுவும் எந்த நேரத்திலும் செய்தி அனுப்ப வேண்டியிருந்தால், யூஆர்ட் என்ற எளிய நேரடி இணைப்பு போதும். இதில் தனியாகக் கிளாக் கம்பி (நேரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் கம்பி) இல்லாததால் இரு பக்கத்து பாட் ரேட்டும் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகமும்) நெருக்கமாக ஒத்திருக்க வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர், 115200 பாட் ரேட்டை இரட்டை வேக முறையில்கூட 2.1 சதவீத விலகலுடன்தான் தருகிறது. 250000 பாட் ரேட்டோ அதே சிப்பில் பிழையின்றிக் கிடைக்கிறது. ஆகவே வழக்கமான எண்ணை விட்டுவிட்டு, இரு சிப்களின் கிளாக்குக்கும் சரியாக வகுபடும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிப்கள் மூன்று, நான்கு என்று பெருகினால், பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஐ2சி பஸ் இரண்டே கம்பிகளில் வேலையை முடித்துவிடும். ஆனால் அந்தக் கம்பிகளை உயர்நிலைக்குக் கொண்டுசெல்வது புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியை மின்வழங்கலோடு இணைக்கும் ரெசிஸ்டர்) மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பஸ்ஸின் மொத்தக் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) 100 பிக்கோஃபாரட் என்றும் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றும் கொண்டால், சிக்னல் எழ ஏறக்குறைய 0.85 மைக்ரோசெகண்ட் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு இது வரம்புக்குள் இருக்கிறது, 0.3 மைக்ரோசெகண்ட் மட்டுமே அனுமதிக்கும் 400 கிலோஹெர்ட்ஸுக்கு இது ஆகாது, அங்கே 3.3 கிலோ ஓம் போட வேண்டும். படிக்கும்போது பாதியில் மாஸ்டர் (பேச்சைத் தொடங்கும் சிப்) ரீசெட் ஆனால், ஸ்லேவ் (அதற்குப் பதில் தரும் சிப்) டேட்டா கம்பியைக் கீழேயே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். எனவே தொடக்கத்திலேயே ஒன்பது கிளாக் துடிப்புகளை அனுப்பி அதை விடுவிக்கும் நிரலை எழுதி வையுங்கள்.

எஸ்பிஐ என்ற இன்னொரு பஸ் வேகமானது என்றாலும், ஸ்லேவ் பக்கத்திலும் மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும்போது நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன். கிளாக் 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு பைட் 4 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஸ்லேவுக்கு, இன்டரப்ட்டுக்குள் (நடக்கும் வேலையை நிறுத்தி உடனே ஓடும் நிரலுக்குள்) போய் அடுத்த பைட்டை ஏற்றிவைக்க 64 சைக்கிள்கள்தான் கிடைக்கும். டிஎம்ஏ (ப்ராசஸரின் உதவியின்றி டேட்டாவை நகர்த்தும் வசதி) இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

கம்பி பெட்டியை விட்டு வெளியே போகிறது என்றால் வித்தியாச சிக்னல் (இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டால் செய்தி சொல்லும் முறை) தவிர வேறு வழியில்லை. 1 கிலோமீட்டர் வரை மெதுவாகப் போனால் போதும், ஒரே மாஸ்டர்தான் கேள்வி கேட்கும் என்றால் இந்த முறையில் இயங்கும் ஆர்எஸ்-485 மலிவாக முடியும், ஆனால் பிழை கண்டறிதலை நீங்களே எழுத வேண்டும். மோட்டார்களின் இரைச்சலுக்கு நடுவே எந்த நோடும் (பஸ்ஸில் இணைந்த சாதனமும்) தானாகப் பேசத் தொடங்க வேண்டும் என்றால் இதே முறையில் இயங்கும் கேன் பஸ்ஸை எடுங்கள். மோதலைத் தீர்ப்பதும், 15 பிட் சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) பார்ப்பதும், பிழையான செய்தியைத் திரும்ப அனுப்புவதும் ஹார்டுவேரிலேயே நடந்துவிடும். 1 மெகாபிட் வேகத்தில் 40 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். வயரிங் முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள்: 60 ஓம் காட்டினால் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருக்கிறது, 120 என்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது, 40 என்றால் நடுவிலுள்ள ஏதோ ஒரு போர்டில் மூன்றாவது ரெசிஸ்டர் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுங்கள்.