பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கும் முன்

தண்ணீர் ஆழம் 40 சென்டிமீட்டரைத் தாண்டாத தொட்டியை எடுங்கள். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிற சாதாரண எல்இடி ஒன்றே போதும். ஆழம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும், பவளத்துக்குள் வாழும் பாசிக்கு முக்கியமாக வேண்டியதோ நீல ஒளி. அதனால் நீலத்தை ஏற்றி, வெள்ளையை இறக்கியே வையுங்கள். அதிகம் சூடாகும் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கோலாலம்பூர் புழுக்கத்தில் அது தண்ணீரையும் சூடாக்கும், அப்புறம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்கும் மின்கட்டணத்துக்கும் ரிங்கிட் கரையும்.

முதல் வாரம் பாதி வெளிச்சம் போதும். சோவாந்திட் (பொத்தான் போன்ற சிறு மென்பவளம்) வெளுத்தால் இன்னும் குறையுங்கள். தண்டு நீண்டு பழுப்பேறினால் மெல்லக் கூட்டுங்கள். காளான் பவளத்துக்கும் இது தாராளம். அதிக வெளிச்சம் கேட்கும் கிளைவிட்ட கடின பவளமான அக்ரோபோரா வளர்க்க ஆசையா? அதற்கு இந்த விளக்கு சரிவராது.