ஈரநெல்லா, காய்ந்த நெல்லா? பயோன் சிதைவுக் கணக்கில் நேரும் தவறுகள்

காலபோக அறுவடைக்குப் பிறகு கிளிநொச்சியில் நெல் விற்கப் போனவர்களுக்கு இந்த வழக்குத் தெரியும். ஒருவர் வயலிலிருந்து வந்த ஈரநெல்லை நிறுத்திருப்பார், மற்றவர் வெயிலில் காயவைத்ததை. இருவரின் தராசும் சரிதான். ஆனாலும் மூடைக்கு மூடை கணக்கு உதைக்கும். அரிய மேசன் சிதைவுகளை (பயோன் போன்ற குறுகிய ஆயுள் துகள்கள் எப்போதாவது உடையும் விதங்களை) வாசிக்கத் தொடங்கும் எங்கள் மாணவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே வழக்கில்தான்.

நடுநிலைப் பயோன் நூற்றுக்கு ஏறத்தாழ 99 தடவை இரண்டு ஃபோட்டான்களாக, அதாவது ஒளித்துகள்களாக, சிதைகிறது. இலத்திரனும் அதன் எதிர்த்துகளான பொசித்திரனும் மட்டும் மிஞ்சுவது பத்துக் கோடிக்கு ஆறேழு தடவைதான். இனிமேல் வரும் எண்கள் எல்லாம் பத்துக் கோடிக்கு இத்தனை என்று கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் நடந்த கேடெவ் பரிசோதனை 2007இல் 6.44 என்று அளந்தது. அதே ஆண்டில் வந்த கோட்பாட்டுக் கணிப்பு 6.23. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "பொருந்துகிறது" என்று எழுதிய விடைத்தாள்களைக் கண்டிருக்கிறேன். பெரிய பிழை அதுதான். 6.44 ஈரநெல். இலத்திரன்-பொசித்திரன் சோடியின் திணிவின் வர்க்கம், பயோன் திணிவின் வர்க்கத்தில் 0.95 பங்குக்கு மேல் இருந்த நிகழ்வுகளை மட்டும் எண்ணிய எண் அது. ஓய்விலுள்ள பயோனிலிருந்து 3.4 மெகா இலத்திரன்வோல்ட்டுக்குக் (துகள் சக்தியின் அலகு) குறைந்த சக்தியுடன் ஒரு ஃபோட்டான் நழுவியிருந்தாலும் அந்த நிகழ்வு உள்ளே வந்துவிடும். அதைவிடக் கூடினால் வெளியே. 6.23 காய்ந்த நெல்: கதிர்ப்பே, அதாவது இப்படிக் கூடுதல் ஃபோட்டான் நழுவுவதே, இல்லாத சிதைவுக்கான கணிப்பு.

ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது அடுத்த தவறு நேர்கிறது. மின்காந்த விசையின் வலுவைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலி ஏறத்தாழ 1/137; அதை பையால் வகுத்தால் ஆயிரத்தில் இரண்டு சொச்சம். ஆகவே திருத்தம் அற்பம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பயோன் இலத்திரனைப் போல 264 மடங்கு திணிவுள்ளது. திணிவு விகிதத்தின் வர்க்கத்துக்கு மடக்கை எடுத்தால் 11க்கு மேல் வருகிறது. ஃபோட்டான் சக்திக்கு நாம் இட்ட எல்லையும் தன் பங்குக்கு இன்னொரு மடக்கையைப் பெருக்குகிறது. மின்னேற்றமுள்ள பயோனிலும் இதைக் காணலாம். அது இலத்திரனாகவும், இலத்திரனின் கனத்த உறவான மியூவானாகவும் சிதைவதன் விகிதத்தை ஏறத்தாழ 4 சதவீதம் குறைக்கும் திருத்தத்தை இயற்பியலாளர்கள் பெர்மனும் கினொஷிட்டாவும் 1958, 1959ஆம் ஆண்டுகளிலேயே கணித்துவிட்டார்கள்.

கேடெவ் குழு, இயற்பியலாளர் பெர்க்ஸ்ட்ரோம் 1983இல் தந்த திருத்தத்தைப் பயன்படுத்தி, கதிர்ப்பு நீக்கிய எண்ணாக 7.48ஐ வெளியிட்டது. கோட்பாட்டிலிருந்து 3 நியம விலகலுக்கும் (நிச்சயமின்மையை அளக்கும் அலகு) மேற்பட்ட இடைவெளி! புதிய துகள் ஒளிந்திருக்கிறதா என்று பலர் தேடினார்கள். 2011இல் வாஸ்கோவும் நொவொட்னியும் இரண்டு வளையத் திருத்தங்களை (கணிப்பின் அடுத்த நுணுக்கப் படி) முழுமையாகக் கணித்தபோது, 0.95 என்ற அந்த எல்லைக்கான, அதாவது வெட்டுக்கான, திருத்தம் 6 சதவீதத்தை ஒட்டியதாகவே வந்தது. கதிர்ப்பால் எண்ணிக்கையிலிருந்து விழுந்ததை அதன்படி ஈடுசெய்தால் 6.44 ஏறத்தாழ 6.9 ஆகிறது; இடைவெளி சுமார் 2 நியம விலகலுக்குச் சுருங்கியது. தராசு மாறவில்லை, ஈரத்துக்குச் செய்த கணக்குத்தான் மாறியது. இன்றும் 7.48ஐ மட்டும் காட்டி "புதிய இயற்பியல்" என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று: ஃபோட்டானுடன் ஒரு சோடி வந்தாலே அது டாலிட்ஸ் சிதைவு (பயோன் ஒரு ஃபோட்டானும் இலத்திரன்-பொசித்திரன் சோடியுமாக உடைவது) என்று ஒதுக்காதீர்கள். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் நிகழும் டாலிட்ஸ் சிதைவும், அரிய சிதைவின் கதிர்ப்பும் ஒரே இறுதி நிலையில் முடிகின்றன. டாலிட்ஸ் பெரும்பாலும் குறைந்த சோடித் திணிவில் குவிகிறது, 0.95 வெட்டு அதற்காகவே.

அண்மையில் ஐரோப்பாவின் சேர்ன் துகள் ஆய்வகத்தின் என்ஏ62 பரிசோதனை இரண்டு எண்களையும் தந்திருக்கிறது: வெட்டுக்கு மேல் 5.86, கதிர்ப்பு நீக்கி 6.22. கோட்பாட்டின் 6.23க்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது இரண்டாவதை.