எந்த 7.62?

மஞ்சக்குப்பத்து டீக்கடையில் என் சித்தப்பா இருக்கும்போது, ராணுவ ரைபிள் தோட்டாவைப் பற்றிப் பேச்செடுத்து, "5.56 எல்லாம் வேஸ்ட், பேசாம எல்லாருக்கும் 7.62 கொடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், "எந்த 7.62?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்.

பலர் சறுக்குவது அங்கேதான். நம் ராணுவத்தின் ஏகே-203 ரைபிள் சுடுவது 7.62×39, சிக் 716 ரைபிள் சுடுவது 7.62×51. முன்னால் வருவது குண்டின் விட்டம், பின்னால் வருவது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். ஒன்றின் ரவுண்டு, அதாவது முழுத் தோட்டா, இன்னொன்றுக்குப் பொருந்தாது. இன்சாஸ் ரைபிளின் 5.56-ஐயும் சேர்த்தால் நம் ராணுவத்துக்கு இப்போதே மூன்று வகை, அதில் எந்த 7.62 என்று சொல்லாமலே எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறோம்.

அடுத்து எடை. 5.56 ரவுண்டு ஒன்று சுமார் 12 கிராம், 7.62×51 கிட்டத்தட்ட 24. 210 ரவுண்டு என்றால் இரண்டரை கிலோ ஐந்து கிலோவாகிறது, மேகசின் எடை தனி. இதை நான் சாதாரணமாகச் சொன்னபோது சித்தப்பா பக்கத்து மளிகைக்கடையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்கி என் தோளில் மாட்டி, "சில்வர் பீச் மணல்ல ஓடு" என்றார். எவ்வளவு தூரம் ஓடினேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

"அமெரிக்காவே பெரிய தோட்டாவுக்கு மாறிடுச்சே" என்பார்கள். 2022-இல் அவர்கள் 6.8×51 ரைபிளைத் தேர்ந்தெடுத்தது, கவச உடையைத் துளைக்கவும் தூரத்தில் அடிக்கவும். அதுவும் முன்னணியில் நின்று சண்டை போடும் பிரிவுகளுக்குத்தான், மற்றவர்களிடம் 5.56 இருக்கிறது. விலையும் உண்டு: 30 ரவுண்டு மேகசின் 20 ஆகி, ஒரு ஆள் சுமக்கும் 210 ரவுண்டு 140 ஆகிவிட்டது. கவசம் அணியாத எதிரியைக் காட்டுக்குள் நெருக்கத்தில் சந்திக்கிறவனுக்கு அந்த 70 ரவுண்டுதான் முக்கியம் என்பது என் கட்சி.

பழைய கையிருப்பை மறப்பதும் தவறுதான். 1932-இல் அதே அமெரிக்காவில் .276 அங்குலத் தோட்டாவுக்கு எல்லாம் தயாராக இருந்தும், பழைய .30 அங்குலத் தோட்டா மலைபோலக் குவிந்து கிடக்கிறது, மெஷின்கன்னும் அதையே சுடுகிறது என்று அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் மறுத்துவிட்டார்.

அப்புறம், எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தத்தான் 5.56 என்ற கதை. எடை குறைவு, உதைப்பும் குறைவு, அதனால்தான் அது வந்தது. இந்தக் கதையை யாராவது எடுத்தால் சித்தப்பா பதிலே சொல்வதில்லை, இன்னொரு டீ சொல்லிவிடுவார்.