சங்கக் கூட்டத்தில் விலைப் பேச்சு எழுந்தால் என்ன செய்வது?

எங்கள் தொழில் சங்கக் கூட்டம் ஒன்றில் மூலப்பொருள் விலையேற்றம் பற்றிப் பேச்சு வந்தது. "அடுத்த மாதம் முதல் எல்லோரும் எட்டு சதவீதம் ஏற்றிவிடலாம்" என்றார் ஒருவர். நான் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் சொல்லாததால் எனக்குப் பொறுப்பில்லை என்று நம்பினேன். பிறகு மினிட் புத்தகத்தைப் பார்த்தேன். "அனைவரும் ஏற்றுக்கொண்டனர்" என்று எழுதியிருந்தது. வருகைப் பதிவில் என் கையெழுத்து. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

போட்டிச் சட்டம், 2002-இன் 3(3) பிரிவை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பது, உற்பத்தியை மட்டுப்படுத்துவது, சந்தையைப் பங்குபோட்டுக்கொள்வது, ஒப்பந்தப்புள்ளியில் முன்கூட்டியே பேசிவைத்து விலை போடுவது ஆகியவை போட்டியைக் கெடுப்பவை என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிக்கும் சுமை நம் தலையில். எழுத்தில் இல்லாத வாய்ப்பேச்சுப் புரிதலும் 'ஒப்பந்தம்' என்பதில் அடங்கும். அது நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு வரை அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அந்த அளவுக்கு அபராதம் விதிக்கலாம். சிமெண்ட் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, அவர்களுடைய சங்கமும் தப்பவில்லை. நடைமுறைக் குறையால் ரத்தான அந்த உத்தரவு, மறுவிசாரணைக்குப் பின் 2016-இல் மீண்டும் பிறப்பிக்கப்பட்டது.

படி 1. நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். வரி, சுங்கத் தீர்வை, தரநிர்ணயம், அரசிடம் கோரிக்கை போன்றவற்றைத் தாராளமாகப் பேசலாம். 'இதர விஷயங்கள்' என்று மட்டும் இருந்தால், அது என்னவென்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

படி 2. நான் சறுக்கியது இங்கேதான். விலைப் பேச்சு தொடங்கியதும் எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: "இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பேச்சை நிறுத்துங்கள். என் ஆட்சேபத்தைக் குறிப்பில் எழுதுங்கள்." நிறுத்தாவிட்டால் வெளியேறுங்கள், வெளியேறிய நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பேசாமல் நழுவிப் போவது போதாது. நீங்கள் தேநீர் குடிக்கப் போனீர்களா, எதிர்ப்புக் காட்டிப் போனீர்களா என்பது பிறகு யாருக்கும் தெரியாது. அன்றைக்கே செயலாளருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் நாள் கடந்து அனுப்பினேன். "அன்றே அனுப்பியிருந்தால் இதன் பலமே வேறு" என்றார் வழக்கறிஞர்.

படி 3. வாட்ஸ்அப் குழுவில் யாராவது விலைப்பட்டியல் போட்டால் அங்கேயே ஆட்சேபித்துவிட்டு, குழுவிலிருந்து விலகுங்கள். கட்டைவிரல் குறிகூட வேண்டாம். பழைய செய்திகளை அழிக்கவும் கூடாது: அழித்தது தெரிந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் திரும்பும். சங்க விவகாரத்துக்கு மின்னஞ்சல்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. தேதியும் பெறுநர் பட்டியலும் அதிலேயே பதிவாகிவிடுகின்றன.

படி 4. உங்கள் விலையை நீங்களே முடிவு செய்ததற்கு ஆதாரம் வையுங்கள். மூலப்பொருள் பில், கூலி, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்த அடக்கவிலைக் கணக்கைத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் போடுங்கள். போட்டியாளர் விலையும் உங்கள் விலையும் தற்செயலாக ஒன்றானால், முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுதான்.

பின்சேர்க்கை: "ஏற்கெனவே விலை பேசி ஏற்றிவிட்டோம், இப்போது என்ன செய்வது?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். 46-ஆம் பிரிவின் கீழ், உண்மையை முழுமையாகச் சொல்லி ஒத்துழைப்பவருக்கு ஆணையம் அபராதத்தைக் குறைக்கலாம். முதலில் போகிறவருக்கு 100 சதவீதம் வரை சலுகை கிடைக்கலாம். அடுத்து வருபவர்களுக்குக் குறைவு. ஆகவே நாள் கடத்தாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். சங்க உறுப்பினர்களின் விலைகளைத் தொகுத்துச் சுற்றுக்கு விடும் கணக்காளர் ஒருவரும் எழுதியிருந்தார். போட்டியாளராக இல்லாமலே இத்தகைய உடன்பாட்டுக்குத் துணைபோகிறவரையும் 2023 திருத்தம் உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஐயா, அந்த வேலையை இன்றே நிறுத்திவிட்டு, நிறுத்தியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.